அம்மன் கண்ணுக்கு என் அடுப்புக் கரி

என் கூடப் பிறந்த கண்ணு ஏகாம்பரத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் இப்போது காலையா மாலையா, எனக்குத் தெரியாது. இங்கே ராயபுரத்தில் விடிந்து வெகு நேரமாகிவிட்டது. கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டேன். உன் மாமா வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஓட்டை தேடுகிறார். நீ போனதிலிருந்து அந்த மனிதர் வாயைத் திறப்பதே இல்லை. நான்தான் அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பேசாமல் இருந்தால் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். கேட்கிற காது குறைந்துபோனது, அதனால் காகிதம் எடுத்துக்கொண்டேன்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிக் கற்ற எழுத்து. நான் 'அ' போட்டால் நீ அதற்குப் பக்கத்தில் மூக்கும் வாயும் போடுவாய். வாத்தியார் உன் மண்டையில் குட்டுவார், அப்புறம் குனிந்து அந்த மூக்கைப் பார்ப்பார். உனக்குக் கடைசிவரை எழுத்து வரவில்லை. இந்தக் கடிதத்தை அங்கே யார் உனக்குப் படித்துச் சொல்வார்கள்? அம்மா படிக்கமாட்டாள். அப்பாவுக்கும் தெரியாது. சரி, அம்மன் படித்துச் சொல்லட்டும். அவளுக்கு நாம் செய்த வேலைக்கு இந்த உதவிகூடச் செய்யமாட்டாளா?

ஊர் சேதி நிறைய இருக்கிறது. துறைமுகத்தில் புதிதாக ஒரு பெரிய பளு தூக்கி வந்திருக்கிறது, அது திரும்பினால் நம் சந்தில் நிழல் விழுகிறது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கி என் கண் போய்விட்டது. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற என் பெரியவன் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நல்ல பிள்ளைதான். மீன் நாற்றம் பெண்டாட்டிக்கு ஆகவில்லையாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் அவனுக்கும் விளக்கு வைக்கிறேன், உனக்கும் வைக்கிறேன். உன் விளக்குதான் காற்றில் அணைந்து அணைந்து போகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. மாசி அமாவாசை முடிந்தது. மயானக் கொள்ளை நடந்தது. நீ இல்லாமல் நடந்த முதல் கொள்ளை. போன வருஷம் நீ போன துக்கத்தில் குப்பத்தில் யாரும் மண்ணைத் தொடவில்லை, வெறும் பொங்கலோடு முடித்துக்கொண்டார்கள். இந்த வருஷம் உன் திதி கழிந்தது, அம்மனைப் படுக்கவைத்தார்கள். அந்த மண்ணை எப்படி மிதித்தார்கள், நான் எப்படி அங்கே போனேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

இதை உனக்குப் படித்துச் சொல்கிறவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா, அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நம் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துச் சுடுகாட்டு மணலில், சிவராத்திரி கழிந்த அமாவாசை அன்று அங்காளம்மனைப் படுக்கவைப்பார்கள். மணலும் சாம்பலும் குவித்து, ஒரு கட்டுமரம் நீளத்துக்கும் பெரிதாக, மல்லாந்து படுத்த பெண் மாதிரி. முகத்துக்கு மஞ்சள், வாய்க்குக் குங்குமம், பல்லுக்கு அரிசிமாவு, புடவைக்கு இலைப்பொடியும் செங்கல் பொடியும். காலையிலிருந்து முட்டி போட்டு, விரலிடுக்கில் பொடியை விட்டு விட்டுப் போடவேண்டும். அதைப் போடுவது நம் வீடு. அப்பா போட்டார், அப்புறம் நீ போட்டாய். மத்தியானம் தாண்டியதும் பறை அடிக்க, அம்மன் வேஷம் கட்டினவர் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஆடி வந்து, அவள் மேலேயே ஏறி ஆடி, அத்தனையையும் காலால் கலைப்பார். கலைத்த மண்ணை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவார்கள், முதல் நாள் கடலுக்குப் போகிற கட்டுமரத்தில் தூவுவார்கள்.

போட்ட கை மிதிக்கக்கூடாது. மிதிக்கிற கால் போடக்கூடாது. நம் வீட்டில் பெண் எடுத்தவன்தான் மிதிக்கவேண்டும். அப்படித்தான் என்னைக் கட்டின உன் மாமா வேஷம் கட்ட வந்தார். அம்மனுக்கு எல்லாம் போட்டு முடித்தபிறகும் கண் இருக்கிற இடம் வெறும் பள்ளமாக இருக்கும். அந்தக் கண்ணுக்குக் கரி, போட்டவனோடு பிறந்தவள் அடுப்பிலிருந்து வரவேண்டும். புகுந்த வீட்டுச் சவுக்குக் கட்டை எரிந்த கரி. நான் இடித்து, என் பழைய புடவையில் சலித்து எடுத்துக்கொண்டு வருவேன். நீ வாங்கி இரண்டு பள்ளத்திலும் விடுவாய். விட்ட அந்த நிமிஷமே நீயும் நானும் திரும்பிவிடவேண்டும். போட்டவனும் அவனோடு பிறந்தவளும் மிதிபடுவதைப் பார்க்கக்கூடாது. திறந்த கண்ணையும் பார்க்கக்கூடாது.

அதனால்தானே நமக்கு அந்தக் கழிமுகம் கிடைத்தது. எல்லோரும் அங்கே பறைச் சத்தத்தில் நிற்க, நாம் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து, ஆறு கடலில் விழுகிற இடத்தில் போய் உட்காருவோம். நீ கையை அலசுவாய். மஞ்சளும் சிவப்பும் தண்ணீரில் நூல் நூலாகப் பிரிந்து போகும். பறை நிற்கும்வரை பேசுவோம். நான் பேசுவேன், நீ கேட்பாய். வருஷம் முழுக்க எனக்கு ஒரு புருஷன், பிள்ளைகள், மீன்கூடை. அந்த ஒரு பொழுதுதான் நான் வெறும் அக்கா.

ஒரு முறை நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"அந்தக் கண்ணு எப்டிடா இருக்கும், நைனா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"நீதானடா வெக்கிற?"

"வெக்கச்சொல்ல கரிதான் தெரியுது. எட்டி நின்னு பாத்தாத்தான் அது கண்ணு. எட்டி நிக்க நம்மள எங்க வுட்றாங்கோ?"

நான் அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். கொண்டு போகிறவள் நான், வைக்கிறவன் நீ, இரண்டு பேருமே பார்த்ததில்லை.

ஆனால் நானாகக் கரியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. பிறந்த வீட்டிலிருந்து அழைக்கவேண்டும். சிவராத்திரி அன்று காலையில் நீயும் உன் பெண்டாட்டி தேசம்மாவும் ரயில் ஏறி வருவீர்கள். அவள் கையில் தட்டு, வெற்றிலை, மஞ்சள். நீ வாசலில் நின்றே உன் மாமாவை வம்புக்கு இழுப்பாய்.

"மாமா, இந்த வாட்டி மூக்கு நல்லா எடுத்துக் குட்த்துடுவேன். பாத்து மிதி."

"மிதிக்கிறதுல இன்னாடா பாத்து மிதிக்கிறது? உங்க அக்காவ கட்னதுக்கு வருசத்துல ஒருநாளாவது உங்க வூட்ட மிதிக்கலாம்னு ஆண்டவன் குட்த்த சான்சு."

"மிதி, மிதி. மீதி நாளெல்லாம் அது உன்ன மிதிக்குதே, அதுக்கு ஈடாப் பூடும்."

தேசம்மா வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். முன்பல் இல்லாததால் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். நான் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

இந்த வருஷம் அந்தத் தட்டு வருமா? தை பிறந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா போனாள், அப்பா போனார், நீ போனாய். உங்களுக்குப் பிள்ளையும் இல்லை. எண்ணூரில் நம் வீடு நிற்கிறது, ஓலைகூட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அது பிறந்த வீடு ஆகுமா? கூப்பிட்டால் எனக்கு இன்னும் பிறந்த வீடு உண்டு. கூப்பிடாவிட்டால் இல்லை. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

உன் மாமாவைக் கேட்டுப் பார்த்தேன்.

"நீங்கதான் வேசம் கட்ட போறீங்களே, அப்டியே என்னையும் இட்டுகினு போங்களேன்."

"நா மிதிக்கிற வூட்டுக்காரன். நா கூப்டா அது அழைப்பா?"

அவ்வளவுதான் பேசினார். அன்றைக்கு அதுவே அதிகம்.

சிவராத்திரி வந்தது. வாசல் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தேன். ரயில் ஊதும்போதெல்லாம் சந்து முனையைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பவுனு சும்மா இருப்பாளா?

"இன்னா கன்னிமா, ஆத்தா வூட்லேர்ந்து இன்னும் ஆள் வர்ல?"

"வருவாங்க, வருவாங்க. வண்டி லேட்டு."

"எந்த வண்டி? மூணு வண்டி பூட்ச்சே."

"உன் வேலைய பாருடி. கருவாட காக்கா தூக்கினு போவுது."

நாலாவது வண்டியும் போனது. மாலையில் எழுந்து கோயிலுக்குப் போய், கண் விழிக்கிறவர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தேன். அங்கே சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதே. தேசம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தம்பி இருக்கிறவரைக்கும் அக்கா, அக்கா. தம்பி போனான், அக்காவும் போனாள் என்று. சிவனே என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

அப்படித் திட்டிவிட்டு விடியுமுன் வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பிலிருந்து நல்ல கரியாகப் பொறுக்கி, இடித்து, சலித்து, டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கை பழக்கம். இல்லை, பழக்கம் என்று சொன்னால் பொய். வைத்திருந்தால் வருவார்கள் என்று ஒரு நப்பாசை.

அமாவாசை அன்று உன் மாமா விடிந்ததும் கிளம்பிவிட்டார். வேஷம் கட்டுகிறவர் விரதம், பச்சைத் தண்ணீர்தான். முட்டி வலிக்கிறது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனார். வாசல்படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் மீன் ஆய உட்கார்ந்தேன். அமாவாசையில் மீன் எதற்கு என்று கேட்கிறாயா? பவுனு வீட்டு மீனடா. அவளுக்குக் கையில் வெட்டு, நான் ஆய்ந்து கொடுத்தேன். கையைச் சும்மா வைத்திருந்தால் அழுகை வந்துவிடும்.

அப்போதுதான் சந்து முனையில் ஒருத்தி நின்றாள். சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றாள், இந்தப் பக்கம் வரவில்லை. பொட்டு இல்லாத நெற்றி. கையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா.

தேசம்மா.

அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு நான்தான் முதலில் கேட்டேன்.

"இன்னாடி, அங்கியே நின்னுகினு கீற?"

"சொம்மா வந்தேன்கா."

"எண்ணூர்லேர்ந்து ரயிலேறி சொம்மா வந்தியா?"

அவள் டப்பாவைப் பார்த்தாள். "கொஞ்சம் அடுப்புக் கரி வோணும்கா."

"ஏன், உங்க ஊர்ல எவ அடுப்பும் எரியறதில்லியா?"

"எரியுது."

"வர்ற வழியெல்லாம் ரயில்காரன் மல மாதிரி கரி கொட்டி வெச்சிகிறான். ரெண்டு பொறுக்கிகினு போறது."

"பல்லு வெளக்கக்கா. உங்கூட்டுக் கரிதான் பல்லுக்கு நல்லாகீது."

அவள் சொன்னதும் எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. "கீறதே பாதி பல்லு. அதுக்கு ராயபுரத்துக் கரி கேக்குதா உனுக்கு?" என்றேன். அவளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எதிர்வீட்டில் பவுனு பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஊர்ல தட்டு எடுக்கக் கூடாதுன்ட்டாங்கக்கா. பொட்டு இல்லாதவ கையால வெத்தல வெச்சா அம்மனுக்கு ஆவாதாம். பங்காளி வூட்டு முனுசாமி பொஞ்சாதிய அனுப்பலாம்னா, அவ மாசமாகீறா, ரயிலேற மாட்டேன்ட்டா. சிவராத்திரி அன்னிக்கு நா பாட்டுக்கு தட்ட எடுத்துகினு டேசனு வரிக்கும் வந்தேன். வண்டியும் வந்து நின்னுச்சு. ஏற கால் வர்ல. நல்ல நாள்ல உங்கூட்டு வாசல்ல நா வந்து நின்னா, உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா? திரும்பி பூட்டேன்."

மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அப்பால யோசிச்சேன்க்கா. கூப்டத்தான பொட்டு வோணும்? கரி கேக்க எதுக்குப் பொட்டு? பக்கத்து வூட்ல போயி நெருப்பு கேக்குறோம், கரி கேக்குறோம், அத்த யாரு இன்னா சொல்லப் போறாங்கோ? அதான் டப்பாவ எடுத்துகினு வந்தேன்."

ஏகாம்பரம், இங்கே அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நான் சாமியிடம் கோள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே அவள் எனக்கு ஆகாமல் போய்விடுமோ என்று வந்த ரயிலை விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நினைத்துக்கொண்டே ஆளுக்கொரு ஊரில் தனியாகக் கிடந்திருக்கிறோம். இதை நீ இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

படி ஏறமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்து, மோர் கொடுத்தேன். அப்புறம் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கரி டப்பாவை எடுத்தேன். அவள் திறந்து பார்த்தாள். இடித்துச் சலித்த கரி, மை மாதிரி.

"ரெடியா வெச்சினுகிறியே."

"பல்லு வெளக்கத்தான்டி" என்றேன்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒட்டி உட்கார்ந்து போனோம். அவள் மடியில் காலி டப்பா, என் மடியில் கரி டப்பா. திருவொற்றியூர் தாண்டினதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நல்ல தூக்கம் தூங்கி எத்தனை நாளோ. உப்பளம் வந்ததும் வெயிலில் கண் கூசியது, நான் முந்தானையை எடுத்து அவள் முகத்துக்கு மறைத்துப் பிடித்தேன்.

சுடுகாட்டு மணலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பொங்கல் புகை. பறைக்காரர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மனைப் போட்டது நம் பங்காளி வீட்டு முனுசாமி. பாவம், காலையிலிருந்து முட்டி போட்டு முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எப்டிகீதுக்கா?"

"நல்லா கீதுடா, கண்ணு."

மூக்கு துறைமுகத்துப் பளு தூக்கியின் கொக்கி மாதிரி இருந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நீ பார்த்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கமாட்டாய். ஆனால் அவனைக் குறை சொல்லமாட்டேன். மனசு வைத்துப் போட்டிருந்தான். புடவைக் கரையில் நீ விடுகிற அந்தச் சின்னச் சின்ன மீன் முள் கோடுகளைக்கூட விட்டிருந்தான். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இரண்டும் பள்ளமாக இருந்தன.

டப்பாவைக் கொடுத்தேன். முனுசாமி வாங்கிக் குனிந்தான். நான் பழக்கத்தில் திரும்பப் போனேன்.

அப்போதுதான் நாட்டார் கூப்பிட்டார். குப்பத்துக்குப் பெரியவர், உனக்குத் தெரிந்த அதே நாட்டார்தான், இப்போது தடி ஊன்றி நடக்கிறார்.

"கன்னிமா, எங்க போற?"

"கழிமொகத்துக்கு."

"எதுக்கு? இனிமே நீ நின்னு பாக்கலாம்மா."

"பாக்கலாமா?"

"போட்டது உன் தம்பி இல்லியே. முனுசாமிக்குக் கூடப் பொறந்தவ யாருங் கெடையாது. கரி மட்டும் வயக்கத்துக்கு உங்கூட்லேர்ந்து வாங்கிக்கினோம். மத்தபடி நீயும் எல்லாப் பொம்பளைங்க மாதிரிதான் இனிமே. இத்தினி வருசமா பாக்காத கண்ணு, நின்னு ஆசதீரப் பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு இடம்கூட விட்டார்கள்.

எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் அடுப்புக் கரி அங்கே போய் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. நான் அசையாமல் நின்றிருந்தால் போதும். எட்டி நின்றால்தான் கண் தெரியும் என்று நீ சொன்னாயே, நான் நின்றிருந்தது சரியாக அந்த எட்டம்தான்.

பறை கிளம்பியது. அந்தக் கோடியில் உன் மாமா. சிவப்புப் புடவை, கிரீடம், முகம் முழுக்க மஞ்சள், கையில் முறம். வீட்டில் வலை பிரிக்கிற மனிதர் இல்லை அவர், அம்மன். நான் அவர் முகத்தையே பார்த்தேன், கண்ணை இன்னும் மண்ணுக்கு இறக்கவில்லை. ஆடி வந்தவர் காலைத் தூக்கினபடி நின்றுவிட்டார். பறைக்காரன் திரும்பத் திரும்ப அதே அடியை அடிக்கிறான். கால் இறங்கவில்லை. அருள் இன்னும் இறங்கவில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. நான் பார்த்தால், நாட்டார் சொன்னது சரி என்று ஆகிவிடும். போட்டது என் தம்பி இல்லை, நான் யாருக்கும் கூடப்பிறந்தவள் இல்லை, கும்பலில் நிற்கிற ஒரு பொம்பளை. இத்தனை வருஷம் பார்க்கக்கூடாது என்று சொன்னார்களே, அது தடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான் அது உரிமை என்று தெரிந்தது. பார்க்கக் கூடாதவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் நான் உன் அக்கா.

திரும்பிவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். நாட்டார் கூப்பிட்டார், நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பறையடி மாறியது. கூட்டம் குலவை விட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, கால் இறங்கிவிட்டது என்று.

கழிமுகத்தில் யாரும் இல்லை. நாம் உட்காருகிற இடத்தில் மணல் கொஞ்சம் அரித்துப் போயிருக்கிறது. நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது. அலசக் கை இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. பேச வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறை, ஏகாம்பரம். அங்கே அத்தனை ஜனம், அத்தனை சத்தம், இங்கே நானும் தண்ணீரும். இவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. நீ அங்கே தனியாகத்தான் இருக்கிறாயா? நீ இருக்கிற இடத்தில் மணல் உண்டா?

பறை நின்ற பிறகு தேசம்மா வந்தாள். முந்தானை முனையில் மண் முடிந்துகொண்டு வந்தாள். போட்டவன் பெண்டாட்டி பார்க்கலாம், அவளுக்கு அந்தத் தடை இல்லை. வருஷா வருஷம் அவள் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நீ போட்ட கண்ணையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் விட்டிருந்த இடத்தில் அவள் உட்காரவில்லை. அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அவுரு வெச்ச கண்ணு எப்டியிருக்கும்னு சொல்லட்டுமாக்கா?"

கேட்டுவிடலாம் போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"வாணான்டி. நீயே வெச்சிக்கோ."

அவள் தலையாட்டினாள். முந்தானையை அவிழ்த்துக் கொஞ்சம் மண் எடுத்து என் கையில் வைத்தாள். மஞ்சளும் சாம்பலும் கலந்த மண், நடுவில் கறுப்புக் கறுப்பாக என் அடுப்பு.

வீட்டுக்கு வந்து உன் மாமா முகத்து மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன். துண்டை வாங்கும்போது சொன்னார்:

"நீ அங்க நின்னுகினு இருந்தே. எனுக்கு கால் இறங்கல. அம்மன் மேல கால் வெக்கறது ஒண்ணு. உன் கண்ணு முன்னாடி உன் தம்பி மேல எப்டி வெக்கிறது? நீ திரும்பினே, அப்பாலதான் இறங்குச்சு."

"போட்டது முனுசாமிங்க."

"எவன் சொன்னான்?" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். இன்றைக்கு மறுபடியும் வலையோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பரவாயில்லை, அது போதும் எனக்கு.

அந்த மண்ணைச் சாமி படத்துக்குப் பின்னால், டப்பா இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். முனுசாமியிடம் கொடுத்த டப்பா தேசம்மாவிடம் போய்விட்டது. அவள் கொண்டுவந்த காலி டப்பா என்னிடம் இருக்கிறது. மாற்றி எடுத்துக்கொண்டோம், யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். வருகிற சிவராத்திரிக்குத் தேசம்மா தட்டோடுதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் கையால் வெற்றிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஊர் என்ன சொன்னாலும் அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள், அவளும் சுடுகாட்டில் தனியாகக் கிடக்கிறவள்தானே. அவளுக்குத் தட்டு எடுக்கப் பயமாக இருந்தால் டப்பாவோடு வரட்டும். பல் விளக்கக் கரி கேட்கட்டும். எனக்கு அது அழைப்புத்தான்.

நான் கரி கொண்டு போவேன். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் காலில் நடக்க வலு இருக்கிறவரை, அந்தக் கழிமுகத்தில் உனக்கு இடம் விட்டு உட்காருவேன். முனுசாமி போடட்டும், அவனுக்கு அப்புறம் யாராவது போடட்டும். நான் பார்க்காமல் இருக்கிறவரைக்கும் போட்டது நீதான், கண்ணு.

பிறந்த வீடு இன்னும் இருக்கிற
உன் அக்கா
கன்னியம்மா